மலைச்சாலையும் துவிச்சக்கர வண்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையென்றால் சமயத்தைப் பற்றியோ மொழியைப் பற்றியோ பேசுவதே வழக்கம். துவிச்சக்கர வண்டியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பதைக் கண்டு சிலர் புன்முறுவல் செய்கிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. ஆனால் இளைஞரின் உடலும் உயிரும் உள்ளமும் நல்வழிப்பட வேண்டுமென்பது எந்த வாலிப சங்கத்துக்கும் முதற்கடமையன்றோ? இம்மூன்றுக்கும் உதவக்கூடிய எளிய சாதனம் ஒன்று நம்மில் பலரது வீட்டு மூலையிலே துருப்பிடித்துக் கிடக்கிறது. அது ஓடுவதற்குத் தகுந்த சாலைகளோ நமது ஊரைச் சுற்றிலும் கிடக்கின்றன. இவ்விரண்டையும் ஒன்று சேர்க்க வேண்டுமென்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

மாத்தளை மாவட்டத்திலே இருவகைச் சாலைகள் உள்ளன. ஒன்று ஏ-9 நெடுஞ்சாலை. கண்டியிற் புறப்பட்டு மாத்தளை, நாவுல, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம் வரை செல்வது. தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் மரக்கறி லொறிகளும், ஒன்றையொன்று முந்த முனையும் பஸ்களும், சுற்றுலா வாகனங்களும் இரவு பகலாக அதிலே விரைகின்றன. அந்தச் சாலையில் சைக்கிள் மிதிக்கும் தம்பி ஒருவன் ஒரு முழ அகலத்துக்குள் தன் உயிரை வைத்துக்கொண்டு போகிறான். இலங்கைச் சாலைகளில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் விபத்தில் மடிகின்றனர் என்பதைப் பெற்றோர் அறிவர். ஆகவேதான் “சைக்கிளும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்” என்று தாய்மார் தடுக்கிறார்கள். அவர்களது அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த அச்சம் நெடுஞ்சாலைக்குரியது. நமக்கு வேறு சாலைகளும் உண்டு.

2022-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் கிடையாமல் நாடு தவித்தது. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி மற்றோருக்குப் பெற்றோல் கொடுப்பதே நிறுத்தப்பட்டது. அப்போது மூலையிற் கிடந்த சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தோம். சைக்கிளின் விலை பன்மடங்கு ஏறியது. அலுவலகத்துக்குப் போனவரும் ஆசிரியரும் மிதித்துக்கொண்டு போனார்கள். பெற்றோல் வந்தது, சைக்கிள் மறுபடி மூலைக்குப் போயிற்று. தேவையினால் வந்த பழக்கம் தேவை தீர்ந்ததும் அகன்றுவிட்டது. விருப்பத்தினால் வரும் பழக்கமே நிலைக்கும். அந்த விருப்பத்தை ஊட்டக்கூடியவை நமது அமைதியான மலைச்சாலைகளே.

அவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, பழகத் தொடங்குவோர்க்கு உகந்தது, நகரத்துக்கு மேற்கே யட்டவத்தைப் பக்கம். தென்னையும் மிளகுக் கொடியும் வயலும் மாறி மாறி வரும். ஏற்ற இறக்கம் உண்டு. மூச்சு முட்டும்படியான மலை இல்லை.

இரண்டாவது எல்கடுவை வழி. கீழே கொக்கோவும் இறப்பரும் மிளகும். ஏற ஏறத் தேயிலை. செம்புவத்தை ஏரி இருப்பது அந்தப் பகுதியில்தான். எல்கடுவையிலிருந்து மறுபுறமாக வத்தேகமவுக்கு இறங்கி, உக்குவளை வழியாக ஊர் திரும்பினால் ஒரு வட்டம் நிறைவாகிவிடும். திரும்பும் வழியிலே துணைக்கு வருவது 1880-ஆம் ஆண்டு கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போடப்பட்ட புகையிரதப் பாதை.

மூன்றாவது, பழகித் தேறியவர்க்கு உரியது. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் கணவாய்க்கு ஏறி, இலுக்கும்புரவுக்கும் லக்கலைப் பகுதிக்கும் இறங்கும் சாலை. கணவாய் வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நக்கிள்ஸ் மலைத்தொடரை ஊடறுத்துச் செல்லும் இந்தச் சாலையிலே ஒரே நாளில் இரண்டு நாடுகளைக் காணலாம். மேற்குச் சரிவிலே ஈரமும் பாசியும் மூடுபனியும். கணவாயிலே காற்றினாற் குட்டையாகிப்போன மரங்கள். கிழக்கே இறங்கினால் வெயில், வறண்ட புல்வெளி, பாறைமீது மெல்லிய மண் படர்ந்த பிட்டவல பத்தனை. இம்மலைத்தொடரின் உயர்ந்த கொடுமுடியாகிய கொம்பனிய 1,900 மீற்றருக்கும் அதிக உயரமுடையது. 2000-ஆம் ஆண்டிலே இக்காடு பாதுகாப்பு வனமாக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது, நக்கிள்ஸ் அதிலே ஓர் அங்கமாயிற்று. உலகத்தார் கடல் கடந்து வந்து காணும் மலையை, அதன் அடிவாரத்திற் பிறந்த நம் பிள்ளைகளிற் பலர் பஸ் யன்னல் வழியாகத்தானும் கண்டதில்லை.

பெரியோர்களே! இந்தச் சாலைகள் தாமாக முளைத்தவையல்ல. மலைநாட்டின் முதற்சாலைகளை ஆங்கிலேயர் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தினால் சிங்களக் குடியானவரைக் கொண்டு வெட்டுவித்தனர். அந்த முறை 1832-இல் ஒழிந்தது. பின்னர் 1848-இலே, ஆண்டொன்றுக்கு ஆறு நாள் சாலை வேலை செய், அல்லது மூன்று சிலிங் கட்டு என்று ஒரு சட்டம் வந்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அந்தச் சாலை வரியும் ஒரு காரணம். வீரபுரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டது அக்கிளர்ச்சியினாலேயே.

அதே காலத்தில்தான் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்து, மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையை அடைந்தனர். வழியிலே வாந்திபேதியினாலும் காய்ச்சலினாலும் பசியினாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சியவர் மண்வெட்டியும் அலவாங்கும் பிடித்துத் தோட்டங்களுக்குள்ளே பாதை வெட்டினர். இன்று நாம் மிதித்துச் செல்லும் சாலையின் ஒவ்வொரு கல்லணையிலும் ஒவ்வொரு மதகிலும் சிங்களவர் வியர்வையும் தமிழர் வியர்வையும் கலந்திருக்கின்றன. இதை மோட்டாரில் போகிறவன் காணமாட்டான். மெல்லப் போகிறவனே காண்பான்.

இந்த மலைப் பாதைகளை வெட்டியவர்கள் இன்னொரு நன்மையும் செய்துவைத்தார்கள். கோப்பி மூட்டையை ஏற்றிய மாட்டு வண்டி போக வேண்டும். செங்குத்தான பாதையில் மாடு ஏறாது. ஆதலால் மலையை நேரே தாக்காமல், சுற்றிச் சுற்றி வளைத்து, சரிவைக் குறைத்துப் பாதையை அமைத்தனர். மாட்டுக்கு இரங்கிச் செய்த அந்த வளைவுகள் இன்று சைக்கிள்காரனுக்கு வரப்பிரசாதம்.

“மலையில் சைக்கிள் ஏறுமா?” என்று கேட்பவர்க்கு ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். மாத்தளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 360 மீற்றர். ரிவர்ஸ்டன் கணவாய் ஆயிரம் மீற்றருக்கும் மேல். ஆகவே குறைந்தது எழுநூறு மீற்றராவது ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியுமாக எண்பது கிலோ எடை. இதை மூன்று மணி நேரத்தில் அவ்வுயரத்துக்கு ஏற்றுவதற்கு வேண்டிய சக்தி, ஐம்பது வாட் மின்குமிழ் ஒன்று அதே நேரம் எரிவதற்கு வேண்டியதே. காற்றும் சாலையும் தடுப்பதற்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல உடல்நலமுள்ள இளைஞனுக்கு இது பெரிதல்ல. அதே உயரத்தை ஒரு மணி நேரத்தில் ஏற முனைந்தால் மும்மடங்கு சக்தி வேண்டும். பாதி வழியில் நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிடுவான். ஆளைக் கொல்லுவது மலையல்ல, அவசரம். பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

வண்டியும் உதவ வேண்டும். நாம் பழைய நாள் முதல் கண்ட சாதாரண சைக்கிளிலே பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் ஓடும். சமவெளிக்கு அது நன்று. மலையிலே கால் கெஞ்சும். முன்புறம் 22 பல்லும் பின்புறம் 34 பல்லும் உள்ள கியர் சைக்கிளிலே ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீற்றருக்கும் குறைவாகவே நகரும். நடை வேகந்தான், ஆனால் நில்லாமல் நகரும். கியர் இல்லாதவன் வெட்கப்பட வேண்டாம். செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். தள்ளுவது தோல்வியல்ல.

கியரைப் பற்றிச் சொல்லும்போது பிரான்சு தேசத்துப் பெரியவர் ஒருவரை நினைவுகூர வேண்டும். போல் டெ விவி என்பது அவர் பெயர். வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர். சென் எத்தியென் என்னும் மலைசூழ் நகரத்திலே இருந்துகொண்டு, 1887-இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி நடத்தினார். பல கியர் உள்ள வண்டியே மலைக்கு ஏற்றதென்று அவர் வாதாடியபோது, அது கிழவர்களுக்கும் பெண்களுக்கும் உரியது என்று பந்தயக்காரர் எள்ளினர். பிரான்சின் புகழ்பெற்ற சுற்றுப் பந்தயத்தில் செயினை மாற்றிவிடும் கியர் 1937 வரை அனுமதிக்கப்படவேயில்லை. இன்று உலகமே அவர் வழியில் செல்கிறது. அவர் மரக்கறி உணவே உண்டவர் என்பதை நம் சங்கத்தார் அறிந்து மகிழலாம். பசி வருமுன் சிறிது உண்ண வேண்டும், தாகம் வருமுன் சிறிது குடிக்க வேண்டும், பெருமைக்காக மிதிக்கக் கூடாது என்பவை அவர் தம் சீடர்க்கு வகுத்த விதிகளின் சாரம்.

இனி, இறக்கத்தைப் பற்றி. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்பார்கள். சைக்கிள்காரனுக்கு ஏற்றத்திலே வியர்வைதான்; இறக்கத்திலேதான் ஆபத்து. மாசி மகத்தன்று நமது முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரத பவனியைக் கண்டிருக்கிறீர்கள். வடம் பிடிக்கப் பலர் முந்துவார்கள். ஆனால் தேர் ஓரிடத்தில் முட்டாமல் வீதியில் நிலையாக நகர்வது யாரால்? சக்கரத்தடியிலே முட்டுக்கட்டை போடும் சிலரால். அவர்கள் கண் அயர்ந்தால் தேர் என்னவாகும்? சைக்கிளுக்கு முட்டுக்கட்டை அதன் பிரேக்.

ஏறும்போது உடல் சேர்த்துவைத்த சக்தியில் பெரும்பகுதியை இறங்கும்போது பிரேக்கே தாங்க வேண்டும். ஓயாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ரிம் கொதித்து, டியூப் வெடித்துப் போகவும் கூடும். முன்னும் பின்னுமாக இரண்டையும் பிடித்து, வேகத்தைத் தணித்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் புகுந்த பின்னர் அல்ல. மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. ஆதலால் மழை நாளில் பாதி வேகமே போதும். தேய்ந்த பிரேக் கட்டையோடு ஒருவரையும் மலைக்கு அனுப்பக் கூடாது.

காலமும் அறிந்து புறப்பட வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கணவாயிலே ஆளைத் தள்ளும். திசம்பர், சனவரியில் வடகீழ்ப் பருவமழை. மார்ச், ஏப்ரலில் காலை தெளிந்திருக்கும். பிற்பகலில் இடியும் மழையும் வரும். எனவே விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்கிவிடுவதே நன்று. லக்கலையையும் தாண்டி வஸ்கமுவக் காட்டோரம் போகிறவர் யானைக்கு அஞ்ச வேண்டும். மாலையில் அந்தப் பக்கம் சைக்கிள் கூடவே கூடாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலின் மழையும் மண்சரிவும் மலைநாட்டிற்குச் செய்த கேட்டை நாம் மறக்கவில்லை. மழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறியாமல் எவரும் மலைச்சாலையில் கால் வைக்கலாகாது.

“பையன்களுக்குச் சரி, பெண்பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. 1902-இல் பிரான்சிலே மலைப்பாதையில் ஒரு சோதனைப் போட்டி வைத்தார்கள். மூன்று கியர் வண்டியில் வந்த மார்த் எஸ் என்ற பெண்மணி, ஒற்றைக் கியர் வண்டியில் வந்த தேர்ந்த பந்தயக்காரர் ஒருவரை முந்தினார். அவ்வளவு தூரம் போவானேன்? தமிழகத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், கல்லுடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்யும் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் பழகினர். தண்ணீர்க் குடம் சைக்கிளில் வந்தது. பிள்ளை சைக்கிளிற் பள்ளிக்குப் போயிற்று. பஸ்ஸுக்குக் காத்திருந்த பொழுது மிச்சமாயிற்று. அந்தப் பெண்கள் நம் உறவினர் போன்றவர்களே. அவர்களால் முடிந்தது நம் தங்கையரால் முடியாதா?

இதுவரை அமைதியான சாலையைப் புகழ்ந்தேன். இனிச் சொல்லப்போவதை இளைஞர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரு சாலை ஏன் அமைதியாக இருக்கிறது? அங்கே பஸ் வருவதில்லை, அதனால் அமைதி. நாளுக்கு இருமுறை வரும் பஸ்ஸும் மழையில் நின்றுவிடுகிறது, அதனால் அமைதி. லயத்திலே ஒரு தாய்க்குப் பிள்ளைவலி கண்டால் வண்டி தேட வேண்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளை மைல்கணக்கில் நடக்கிறது. நமக்கு இன்பமாக இருக்கும் அமைதி, அங்கே வாழ்பவர்க்கு ஒதுக்கப்பட்ட நிலை. இதை மறந்து, “ஆகா, என்ன அழகு!” என்று படம் பிடித்துக்கொண்டு வருவோமானால், நமக்கும் வேடிக்கை பார்க்க வருவோர்க்கும் வேறுபாடில்லை.

ரிவர்ஸ்டன் பக்கம் விடுமுறை நாட்களிலே மோட்டார் சைக்கிள் இரைச்சலும் பாட்டுப்பெட்டிச் சத்தமும் எழுவதையும், பிளாஸ்டிக் போத்தல்கள் வீசப்படுவதையும் பலர் கண்டு வருந்துகிறார்கள். நாமும் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது. சைக்கிள்காரன் விருந்தினனாகப் போக வேண்டும். தோட்டத்துப் பாதையானால் அனுமதி கேட்டுப் போக வேண்டும். லயத்தடியிலே எதிர்ப்படும் பெரியவரைக் கண்டால் காலை ஊன்றி நின்று, “ஐயா, வணக்கம், இந்தப் பாதை எங்கே போகுது?” என்று கேட்க வேண்டும். சிங்களக் கிராமமானால் அவர்கள் மொழியிலே அதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கொண்டுபோன சோற்றுப் பார்சலோடு நின்றுவிடாமல், வழியிலுள்ள சிறுகடையிலே ஒரு தேத்தண்ணியும் தேங்காய் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டால் அந்தக் கடைக்காரருக்கு நாலு காசு கிடைக்கும். நமக்கு நாலு செய்தி கிடைக்கும்.

அதற்கும் மேலான கடமை ஒன்றுண்டு. மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் போகிறவன் கண்ணுக்குத் தப்புவது ஒன்றுமில்லை. எந்த மதகு இடிந்திருக்கிறது, எந்தக் கரை வெடித்திருக்கிறது, எந்தப் பிள்ளை பள்ளி நேரத்தில் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். கண்டதைக் குறித்துவந்து சங்கத்திலே சொல்லுங்கள். சங்கம் பிரதேச சபைக்கும் உரிய திணைக்களத்துக்கும் எழுதட்டும். ஒரு முறை எழுதினால் பதில் வராமல் இருக்கலாம். ஆதாரத்தோடு பத்து முறை எழுதினால் எவராலும் தட்டிக்கழிக்க இயலாது. மெல்லப் போகிறவன் காண்கிறான்; கண்டவனுக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது.

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள் விடுக்கிறேன். ஒன்று: மாதம் ஒரு ஞாயிறு அதிகாலையில், இருபாலாரும் சேர்ந்து, பொறுப்பான மூத்தோர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, அமைதியான ஒரு சாலையிலே பயணம் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். மிக மெதுவாக வருகிறவரின் வேகமே எல்லாருடைய வேகமாக இருக்கட்டும். இரண்டு: பம்பு, ஒட்டுப்போடும் பெட்டி, சாவிகள், மருந்துப் பெட்டி ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி வையுங்கள்; சைக்கிள் கடைக்காரர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுங்கள். மூன்று: இந்தப் பாதையை யார் வெட்டினார், அந்த வளைவுக்கு அப்பெயர் எப்படி வந்தது, அங்குள்ள சிறு கோயிலை யார் வைத்தார் என்பவற்றையெல்லாம் தோட்டத்து முதியோரிடம் கேட்டு எழுதி, அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடுங்கள். அந்த முதியோர் மறைந்தால் அந்தச் செய்திகளும் மறைந்துவிடும். எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் அவற்றைத் தேடிப் பெற முடியாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை நெடுஞ்சாலையிலே விட்டுவிடாதீர்கள். ஆனால் மலைச்சாலையை அவர்களுக்கு மறுத்துவிடாதீர்கள். தம்பியரே, தங்கையரே, உங்கள் பாட்டன் பூட்டன் காலால் நடந்து கையால் வெட்டிய பாதையிலே நீங்கள் போகிறீர்கள் என்பதை உணர்ந்து போங்கள். அவசரமின்றி ஏறுங்கள், அடக்கத்தோடு இறங்குங்கள், போன இடத்திலே நல்ல பெயரை மாத்திரம் விட்டுவிட்டு வாருங்கள்.